கசிந்த இடமும் கசிவின் காரணமும்: ஒரு 1970 டிரையம்ப் போனவில் எஞ்சினின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1970ஆம் ஆண்டு மாடலான டிரையம்ப் போனவில் டி120ஆர். 71 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 82 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), மொத்தம் 649 சி.சி. கொண்ட இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் அது. எண்ணெய் தனி டேங்கில் இருந்து வந்து, வேலை முடிந்து மீண்டும் டேங்குக்கே திரும்பும் டிரை சம்ப் வகை. இந்த எஞ்சின் முழுமையாகப் பிரிக்கப்பட்டு, புதிய பிஸ்டன் ரிங்குகளும், இணைப்புகளில் எண்ணெயைத் தடுக்கும் ஒரு முழு கேஸ்கெட் மற்றும் சீல் தொகுப்பும் போட்டுச் சேர்க்கப்பட்டிருந்தது. சேர்த்து ஓட்டத் தொடங்கிய உடனேயே, பிரிப்பதற்கு முன் இருந்ததைவிடப் பல மடங்கு எண்ணெய் வெளியே வந்தது. வால்வுகளை இயக்கும் தண்டுகளை மூடிய முன்பக்கப் புஷ் ராட் குழாயின் அடிப்பகுதி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தின் முன்பகுதி, ஹெட்டின் மேல் அமரும் இரண்டு ராக்கர் பாக்ஸ்கள், எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் இரு பாதிகளும் சேரும் செங்குத்து இணைப்பு என ஒரே சமயத்தில் நான்கு இடங்கள் நனைந்திருந்தன. போதாததற்கு, எஞ்சினில் இருந்து கிளட்ச்சுக்கு விசையைக் கடத்தும் செயினின் உறையான ப்ரைமரி செயின் கேஸில் எண்ணெய் மட்டம் ஏறிக்கொண்டே போனது.

"பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லி இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. டிரையம்ப்பின் மெரிடன் ஆலையில் இருந்து வெளிவந்த நாளில் இந்த எஞ்சின் இப்படி ஒழுகியிருக்காது. அந்த ஆலை 1983இல் மூடப்பட்டது. இன்று இந்த வண்டிகளுக்குக் கிடைக்கும் கேஸ்கெட், சீல், குழாய் ஆகியவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் வெவ்வேறு தயாரிப்பாளர்கள் செய்தவை. அவற்றில் மிக நல்லவையும் இருக்கின்றன. அளவு தவறியவையும் இருக்கின்றன. அளவு சரியாக இருந்தும் அந்த ஆண்டு எஞ்சினுக்குத் தேவையே இல்லாதவையும் இருக்கின்றன. இந்த வண்டியில் கடைசி இரண்டு வகைகளும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

முதலில் செய்யப்பட்டிருந்த சிகிச்சை

வண்டி ஆய்வுக்கு வருவதற்கு முன்பே, கசிந்த ஒவ்வொரு இடத்திலும் வெளியில் இருந்து சிலிகான் சீலன்ட் பூசப்பட்டிருந்தது. ராக்கர் பாக்ஸ் கேஸ்கெட்டுகளின் இருபுறமும் அது தாராளமாகத் தடவப்பட்டு, போல்ட் இறுகியபோது பிதுங்கி வெளியே வந்திருந்தது. வெளியே பிதுங்கிய அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிராங்க் கேஸின் அடியில் எண்ணெய் சேரும் சம்ப்பின் அடித்தட்டைக் கழற்றியபோது அங்குள்ள கம்பிவலை வடிகட்டியில் சீலன்ட் நூல்கள் சிக்கியிருந்தன. இந்த எஞ்சினின் எண்ணெய் பம்ப் இரண்டு பிளஞ்சர்களாலும், ஒவ்வொன்றின் கீழும் ஸ்பிரிங் அழுத்தத்தில் அமரும் சிறு எஃகு குண்டுகளாலும் வேலை செய்கிறது. குண்டு அமரும் இருக்கையில் ஒரு சிறு துணுக்கு சிக்கினால் போதும். அந்தப் பக்கத்துப் பம்ப் எண்ணெயைத் தள்ளாமல் போகும். வெளியே சொட்டும் சில துளிகளை நிறுத்தப் போய் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைப் பட்டினி போடும் வேலை இது. எனவே வேறு எதையும் தொடுவதற்கு முன், பம்ப் கழற்றப்பட்டு, குண்டுகளும் இருக்கைகளும் கழுவிச் சோதிக்கப்பட்டன.

அடுத்து எஞ்சினின் வெளிப்புறம் முழுவதும் கிரீஸ் நீக்கியால் கழுவி உலர்த்தப்பட்டு, சந்தேகத்துக்குரிய இணைப்புகள் மீது மெல்லிய முகப்பவுடர் தூவப்பட்டது. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் இழுத்துச் செல்வதால், நனைந்த இடத்தை வைத்துக் கசிவின் தொடக்கத்தை ஊகிப்பது பெரும்பாலும் தவறாகவே முடியும். நிறுத்திவைத்து எஞ்சினைச் சூடேற்றிப் பார்த்தபோது பவுடரில் முன் குழாயின் அடியில் மட்டும் மெல்லிய கறை படர்ந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டித் திரும்பிய பிறகோ நான்கு இடங்களும் நனைந்திருந்தன. இந்த வேறுபாடுதான் முதல் தடயம். கேஸ்கெட் மட்டுமே பழுது என்றால் எண்ணெய் படும் போதெல்லாம் கசியும். வேகம் கூடும்போது பல இடங்கள் சேர்ந்து கசிந்தால், உள்ளே இருந்து ஏதோ தள்ளுகிறது என்று பொருள்.

உள்ளழுத்தம்

இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கினால் கிராங்க் கேஸின் உள்ளிருக்கும் காற்று இரு பக்கமும் இடம் மாறிக்கொள்ளும். இங்கே அதற்கு வழியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க் கேஸின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 649 சி.சி. சுருங்கி மீண்டும் விரிகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் இது விநாடிக்கு 50 முறை நடக்கும். அந்தக் காற்று வெளியேறத் தடையற்ற பாதை இல்லாவிட்டால், அது தனக்கான பாதையை ஏதாவது ஒரு கேஸ்கெட் வழியாகத் தேடிக்கொள்ளும். அப்படி வெளியேறும்போது எண்ணெயையும் உடன் எடுத்துச் செல்லும்.

1969 வரையான 650 எஞ்சின்களில் இதற்காக இன்லெட் கேம் ஷாஃப்ட்டின் முனையில் சுழலும் ஒரு துளைத்தட்டு பிரீதர் (காற்றுப்போக்கி) இருந்தது. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் திறந்து காற்றை வெளியே விடும் அமைப்பு அது. 1970 மாடலில் அந்த அமைப்பு கைவிடப்பட்டது. கிராங்க் ஷாஃப்ட்டின் இடப்பக்க மெயின் பேரிங்கை அடுத்து முன்பு இருந்த ஆயில் சீல் நீக்கப்பட்டது. காற்று அந்தப் பேரிங்கின் ஊடாகவே ப்ரைமரி செயின் கேஸுக்குள் சென்று, அங்கிருந்து பின்புறம் உள்ள அகன்ற ஹோஸ் வழியாக வெளியேறும்படி மாற்றப்பட்டது. ப்ரைமரிக்குள் வந்து சேரும் எண்ணெய் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் நிற்காமல் கிராங்க் கேஸுக்கே திரும்பும்படி, சுவரில் மூன்று சிறு துளைகளும் போடப்பட்டன. செயின் கேஸையே ஓர் எண்ணெய்ப் பிரிப்பானாகப் பயன்படுத்தும் எளிய ஏற்பாடு இது. டிரையம்ப் செய்த மாற்றங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். பழைய எஞ்சின் வைத்திருக்கும் பலர் இன்றும் இதையே தங்கள் வண்டிகளில் செய்துகொள்கிறார்கள்.

இந்த வண்டியில் எஞ்சின் ஓடும்போது அந்த அகன்ற ஹோஸின் வாயில் கையை வைத்துப் பார்த்தபோது துடிப்பே தெரியவில்லை. நல்ல நிலையில் உள்ள 1970 எஞ்சினில் அங்கே காற்று வந்து போவதை உள்ளங்கை தெளிவாக உணரும். ஹோஸ் அடைபட்டிருக்கிறதா என்று ஊதிப் பார்த்ததில் அது திறந்தே இருந்தது.

ஐயத்தை அளவாக மாற்ற ஒரு நீர் மானோமீட்டர் போதும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை U வடிவில் வளைத்துப் பாதி நீர் நிரப்பி, ஒரு முனையைத் துளையிட்ட பழைய ராக்கர் மூடி ஒன்றில் பொருத்தி, இன்லெட் ராக்கர் பாக்ஸில் திருகிவிட வேண்டும். புஷ் ராட் குழாய்கள் வழியாக ராக்கர் பாக்ஸும் கிராங்க் கேஸும் இணைந்திருப்பதால், இங்கே தெரியும் அழுத்தம் கீழே உள்ள அழுத்தமே. நீர்மட்டம் தாறுமாறாகத் துள்ளாமல் சராசரியைக் காட்ட, குழாயின் நடுவே ஒரு கார்புரேட்டர் ஜெட்டைச் செருகிப் பாதையை ஒடுக்கிக்கொள்ளலாம். 10 செ.மீ. நீர்மட்ட வேறுபாடு என்பது ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். ஐட்லிங்கில் நீர் சற்றே உயர்ந்து நின்றது. 3000 சுற்றுகளில் 30 செ.மீ. அளவுக்கு ஏறி, திராட்டிலைக் குறைக்கும் வரை இறங்கவில்லை.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்கினாலும் இதே அறிகுறி வரும். எனவே இரண்டு சிலிண்டர்களிலும் லீக் டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யப்பட்டது. இரண்டும் நெருக்கமான, நல்ல அளவையே காட்டின. டேங்கில் இருந்து எண்ணெய் இரவோடு இரவாக சம்ப்பில் இறங்கி நிறைந்துவிடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. நிறுத்திவைத்த பிறகு சம்ப்பைத் திறந்ததில் வழக்கமான சிறிதளவுதான் வடிந்தது. ஆக, காற்று உற்பத்தியாகும் அளவில் குறையில்லை. அது போகும் வழியில்தான் தடை.

ப்ரைமரி மூடியைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் ரோட்டரையும் கிளட்ச்சையும் எஞ்சின் ஸ்பிராக்கெட்டையும் வெளியே எடுத்ததும் தடை கண்ணுக்குத் தெரிந்தது. 1970 எஞ்சினில் இருக்கவே கூடாத ஆயில் சீல், இடப்பக்க மெயின் பேரிங்கின் முன்னால் புத்தம் புதிதாக அமர்ந்திருந்தது. தொகுப்பாக விற்கப்படும் சீல்கள் பல ஆண்டு மாடல்களுக்கும் பொதுவாக அடைக்கப்படுகின்றன. 1969 எஞ்சினுக்கு வேண்டிய சீல் அதில் இருந்தது. 1970 கிராங்க் கேஸிலும் அது அமரும் குழி அப்படியே இருக்கிறது. சீல் எந்த முரணும் இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தியது. எஞ்சினைச் சேர்த்தவர் பெட்டியில் வந்த எல்லாவற்றையும் அவற்றுக்குரிய இடத்தில் போட்டிருக்கிறார். அந்தச் சீலின் தரத்திலோ, அதைப் பொருத்திய விதத்திலோ குறை சொல்ல எதுவும் இல்லை. பொருந்துகிறது என்பதாலேயே ஒரு பாகம் அங்கே வேண்டும் என்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ப்ரைமரியில் மட்டம் ஏறியதற்கும் இதுவே விளக்கம். பேரிங் வழி அடைபட்டதும், எண்ணெய் திரும்புவதற்கென்று இருந்த மூன்று சிறு துளைகள் மட்டுமே காற்றுக்கு மிஞ்சின. எண்ணெய் வடிய வேண்டிய திசைக்கு எதிராக, கிராங்க் கேஸின் அழுத்தம் அவற்றின் வழியே எண்ணெயை ப்ரைமரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

சீல் ப்ரைமரி பக்கத்தில் இருந்தே நெம்பி எடுக்கப்பட்டது. கிராங்க் கேஸைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று துளைகளும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யப்பட்டன. மீண்டும் மானோமீட்டரை இணைத்தபோது, 3000 சுற்றுகளிலும் நீர் நடுக்கோட்டைச் சுற்றிச் சில செ.மீ. மட்டுமே அசைந்தது. செங்குத்து இணைப்பு உலர்ந்துவிட்டது. இன்லெட் ராக்கர் பாக்ஸும் உலர்ந்தது.

இந்தக் கட்டத்தில் ஹோஸில் ஒரு வழி வால்வு ஒன்றையும் பொருத்திவிடலாமா என்று உரிமையாளர் கேட்டார். அப்படிப்பட்ட வால்வுகள் பயன் தருபவைதான். ஆனால் ஆலை வகுத்த பாதையே முழுமையாக வேலை செய்யும்போது, பழுதானால் மீண்டும் அடைத்துக்கொள்ளக்கூடிய இன்னொரு பாகத்தை அதே பாதையில் வைக்க நான் உடன்படவில்லை.

புஷ் ராட் குழாய்கள்

முன் குழாயின் அடியிலும் ஹெட் இணைப்பின் முன்பகுதியிலும் கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. இங்கே காரணம் வேறு. அதை அளந்துதான் காண முடியும்.

இந்த எஞ்சினில் புஷ் ராட்களை மூடியிருக்கும் இரண்டு குரோம் குழாய்களும், கீழே டேப்பட் பிளாக்குக்கும் மேலே ஹெட்டின் அடிப்பாகத்துக்கும் இடையே பிடிபட்டு நிற்கின்றன. ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் ரப்பர் வளையங்கள் உண்டு. ஹெட்டை இறுக்கும்போது அந்த வளையங்கள் அமுங்கி எண்ணெயைத் தடுக்கின்றன. எவ்வளவு அமுங்கும் என்பதை எந்த ஒரு பாகமும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. குழாயின் நீளம், வளையங்களின் தடிமன், ஹெட் கேஸ்கெட்டின் தடிமன், ஹெட்டையோ சிலிண்டரையோ எப்போதாவது சீவியிருந்தால் அந்த அளவு ஆகிய அனைத்தும் கூடிக் கழிந்து வரும் மிச்சமே அந்த அமுக்கம். அது குறைந்தால் குழாயின் முனையில் எண்ணெய் கசியும். மிகுந்தால் வளையம் பிதுங்கிக் கிழியும். அதோடு, ஹெட் தன் கேஸ்கெட் மீது முழுமையாக அமர முடியாமல் வளையங்கள் மீது தாங்கி நிற்கும். ரப்பர் வடிவம் மாறுமே தவிர அதன் கன அளவு குறையாது. குழிக்குள் இருக்கும் இடத்தை நிரப்பி முடித்த பிறகு அது கிட்டத்தட்ட ஒரு திடப்பொருளாகவே எதிர்த்து நிற்கும்.

இதை அளக்கும் முறை எளிது. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களைத் தொடும் ஒவ்வொருவரும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். குழாய்கள், வளையங்கள், ஹெட் கேஸ்கெட் எல்லாவற்றையும் வைத்து, ஹெட்டை அவற்றின் மேல் இறுக்காமல் அமர்த்த வேண்டும். ஹெட் வளையங்கள் மீது தங்கி நிற்கும். கேஸ்கெட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு இடைவெளி தெரியும். ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அந்த இடைவெளியைச் சுற்றிலும் அளந்தால், அதுவே வளையங்கள் அமுங்கப்போகும் அளவு. 0.75 முதல் 1.0 மி.மீ. வரை இருப்பது நல்லது.

இந்த வண்டியில் ஹெட்டைக் கழற்றியபோது முன் குழாயின் அடி வளையம் தன் இருக்கையை விட்டுப் பிதுங்கி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. பிறகு புதிய வளையங்களை வைத்து ஹெட்டை இறுக்காமல் அமர்த்தி அளந்ததில், பின் பக்கம் 1.1 மி.மீ., முன் பக்கம் 1.6 மி.மீ. இடைவெளி இருந்தது. இரண்டு தனித்தனித் தவறுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. வெர்னியரில் வைத்துப் பார்த்தபோது முன் குழாய் பின் குழாயைவிட அரை மி.மீ. நீளமாக இருந்தது, இரண்டும் ஒரே இடத்தில் வாங்கப்பட்டவை அல்ல என்று பின்னர் தெரிந்தது. உரிமையாளர் பழைய பாகங்களை எறியாமல் வைத்திருந்தது இங்கே பெரிதும் உதவியது. எஞ்சினில் இருந்து முன்பு கழற்றிய செப்பு ஹெட் கேஸ்கெட் 1.25 மி.மீ. தடிமன், தொகுப்பில் வந்த புதியது 1.0 மி.மீ. மட்டுமே. கேஸ்கெட் கால் மி.மீ. மெலிந்தால் அமுக்கம் கால் மி.மீ. கூடும். ஆக, பின் பக்கம் வரம்பைச் சற்றே தாண்டியது. முன் பக்கம் வெகுவாகத் தாண்டி, ஹெட்டின் முன்பகுதியைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஹெட் இணைப்பின் முன்பகுதி மட்டும் ஏன் கசிந்தது என்பதற்கும் இதுவே விடை. ஒன்பது போல்ட்களையும் கையேடு சொல்லும் அளவுக்கு மேல் இறுக்கிப் பார்த்த தடங்கள் இருந்தன. அது எதையும் தீர்க்காது. அலுமினிய ஹெட்டை வளைக்க மட்டுமே உதவும்.

1.25 மி.மீ. செப்பு கேஸ்கெட்டும், பின் குழாயோடு நீளம் ஒத்த ஒரு முன் குழாயும் போட்டு மீண்டும் அளந்தபோது, இரு பக்கமும் 0.85 மி.மீ. வந்தது. தேர்ந்தெடுத்த வளையங்கள் ஃப்ளூரோ ரப்பரால் ஆனவை. சாதாரண நைட்ரில் ரப்பர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை நீண்ட காலம் தாங்கும். ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரை. காற்றால் குளிரும் எஞ்சினின் ஹெட்டை ஒட்டிய இடத்தில் அந்த வேறுபாடு முக்கியம். முன்பு போடப்பட்டிருந்த சிலிகான் வளையங்கள் வெப்பத்தைத் தாங்கும் என்றாலும் எளிதில் கிழியும் தன்மை கொண்டவை. அச்சு வார்ப்பில் எஞ்சிய மெல்லிய விளிம்பும் அவற்றில் இருந்தது. அப்படி ஒரு விளிம்பு வளையத்தின் குறுக்கே ஓடினாலே எண்ணெய்க்கு ஒரு வாய்க்கால் கிடைத்துவிடும். பொருத்துவதற்கு முன் நகத்தால் வருடிப் பார்த்தால் தெரியும்.

செப்பு கேஸ்கெட்டைப் புதிதாக இருந்தாலும் மங்கிய சிவப்பு வரும் வரை சூடேற்றி, நீரில் குளிர்வித்து மென்மையாக்கிய பிறகே போட வேண்டும். கடினமாக இருக்கும் செம்பு மேற்பரப்பின் நுண் மேடுபள்ளங்களுக்கு இசைந்து கொடுக்காது. ராக்கர் எண்ணெய்க் குழாயின் செப்பு வாஷர்களுக்கும் இதே விதி. எக்ஸாஸ்ட் ராக்கர் பாக்ஸில் காணப்பட்ட ஈரத்தில் ஒரு பகுதி அங்கிருந்துதான் வந்தது. வெளியில் வாங்கிய அலுமினிய ராக்கர் மூடிகள் அதிர்வில் தானாகக் கழன்றதால், அவற்றை எடுத்துவிட்டுப் பழைய மூடிகளையே புதிய ஃபைபர் வாஷர்களோடு திருகினோம். ராக்கர் பாக்ஸ்கள் மீண்டும் அமர்ந்த பிறகு வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.10 மி.மீ. என வைக்கப்பட்டது. ஹெட் கேஸ்கெட்டின் தடிமன் மாறும்போது இந்த இடைவெளியும் மாறும் என்பதால், இதைத் தவிர்க்க முடியாது.

மறு சோதனை

எஞ்சினைச் சூடேற்றி முழுமையாகக் குளிரவிட்டு, ஹெட் போல்ட்கள் உரிய வரிசையில் மீண்டும் இறுக்கப்பட்டன; வால்வு இடைவெளி மறுபடி சரிபார்க்கப்பட்டது. அதன்பின், கிராங்க் கேஸுக்குள் 0.1 பார் அளவு காற்றை மிக மெதுவாகச் செலுத்தி, இணைப்புகள் மீது சோப்பு நீர் தெளிக்கப்பட்டது. இதற்கு மேல் அழுத்தினால் நல்ல சீல்களும் இடம் பெயரும். ப்ரைமரி ஹோஸை அடைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். முன் குழாயிலும் ஹெட் இணைப்பிலும் செங்குத்து இணைப்பிலும் ஒரு குமிழியும் எழவில்லை.

எக்ஸாஸ்ட் ராக்கர் பாக்ஸின் வலது முன் மூலையில் மட்டும் சிறு குமிழிகள் வந்தன. சமதளக் கண்ணாடி மீது வைத்துப் பார்க்க வேண்டிய அந்த முகத்தை யாரோ முன்பு அரத்தால் தேய்த்திருக்கிறார்கள். மூலை ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அங்கே ஒரு மெல்லிய ஈரம் படர்கிறது, சொட்டுவதில்லை. அந்த முகத்தைச் சமப்படுத்த ராக்கர் பாக்ஸைக் கழற்ற வேண்டும்; அதைத் தாங்கும் ஹெட் போல்ட்களும் அதனோடு தளரும். இப்போது சரியாக அமர்ந்திருக்கும் கேஸ்கெட்டை இந்த ஈரத்துக்காகக் கலைக்க வேண்டாம் என்றும், அடுத்து எக்காரணத்துக்காவது ஹெட் கழற்றப்படும்போது இதையும் சேர்த்துச் செய்வது என்றும் உரிமையாளரோடு பேசி முடிவு செய்யப்பட்டது. ப்ரைமரி எண்ணெய் மட்டம் அதன் பிறகு ஏறவில்லை. நெம்பி எடுத்த அந்த ஆயில் சீல், "1970 எஞ்சினுக்கு வேண்டாம்" என்று எழுதிய உறையில் வண்டியின் கையேட்டோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளது.